ஒரே ஈத்துக் குட்டிகள், இரண்டு குணம்: வெளியாளைக் கண்டால் பாய்வது இனமா, வளர்ப்பா?

1. நாகலூர் தோட்டம்

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபியும் மிளகும் உள்ள சின்னத் தோட்டம் ஒன்றைப் போன வருடம் வாங்கினோம். தோட்டத்தோடு கருப்பன் என்ற நாயும் வந்தான். நாட்டு நாய், மூன்று வயது இருக்கும். முன்பிருந்தவர்கள் அவனைக் குட்டியிலிருந்தே கேட்டுக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டி வைத்திருக்கிறார்கள். இரவில் அவிழ்த்துவிடுவது, விடிந்ததும் மறுபடி சங்கிலி.

எங்களோடும் காவல்காரரோடும் நன்றாக ஒட்டிக்கொண்டான். ஆனால் புது ஆள் யாராவது கேட்டில் கை வைத்தால், சங்கிலி அறுந்துவிடுமோ என்று நாம் பயப்படும் அளவுக்குப் பாய்கிறான். பழம் பறிக்க வரும் பெண்கள் அவன் இருக்கும் பக்கமே வராமல் சுற்றிப் போகிறார்கள். தூறலுக்குத் தலையையும் தோளையும் மூடும் கொங்காடை போட்டு வந்தால் தினமும் பார்க்கிற ஆள்மீதுகூடப் பாய்கிறான்.

இவனோடு பிறந்த பெட்டை ஒன்று சேலம் அம்மாபேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டில் வளர்கிறது என்று காவல்காரர் சொன்னார். போய்ப் பார்த்தேன். அதே மடிந்த காது, நெஞ்சில் அதே வெள்ளை. முன்பின் தெரியாத நான் உள்ளே நுழைகிறேன், அவள் எழுந்து வந்து என் கையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இப்படி வேறுபட வளர்ப்பு மட்டும்தான் காரணமா? இந்த வயதில் கருப்பனை மாற்ற முடியுமா? தோட்டத்தில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடும் யோசனை இருக்கிறது. இவனை வைத்துக்கொண்டு அதைச் செய்யலாமா என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. சிப்பிப்பாறை ரசிகன்

நாகலூர் சார், ஒரு விஷயத்தை முதலில் சரிபார்க்க வேண்டும். ஒரே ஈத்து என்றால் ஒரே தகப்பன் என்று ஆகாது. நாட்டுப் பெட்டை பருவத்தில் இருக்கும்போது பல கடுவன்களோடு சேரும், ஒரே ஈத்தில் இரண்டு மூன்று தகப்பன்களின் குட்டிகள் இருக்கலாம். உருவத்தில் ஒன்றுபோல இருப்பதை மட்டும் வைத்து ரத்தம் ஒன்று என்று முடிவு கட்ட முடியாது.

என் அனுபவத்தில் இனத்துக்குத்தான் முதல் இடம். கொண்டலாம்பட்டியில் எங்கள் வீட்டில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வளர்க்கிறோம். ஒரே முற்றம், ஒரே சாப்பாடு, ஒரே ஆட்கள். ராஜபாளையம் வெளியாளை வாசல் தாண்ட விடாது. சிப்பிப்பாறை ஒதுங்கி நின்று பார்க்கும், அவ்வளவுதான். ராஜபாளையமும் கோம்பையும் தலைமுறை தலைமுறையாக வேட்டைக்கும் காவலுக்கும் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கும் இடம் கிடைத்தது. அந்தப் பெருமை சும்மா வந்ததில்லை.

கருப்பன் காவலுக்குப் பிறந்த நாயாக இருக்கலாம். தோட்டத்துக்கு அப்படி ஒரு நாய் வேண்டும்தானே?

3. கால்நடை மருத்துவர், சேலம்

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒரே ஈத்தில் பல தகப்பன் என்பது முழுக்கச் சரி. இனத்தையும் வளர்ப்பையும் பற்றி நடந்த சில ஆய்வுகளைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து பார் ஹார்பர் ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. அங்கே ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் ஐந்து இன நாய்களைப் பல வருடம் வளர்த்துப் பார்த்து 1965-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குட்டியின் 3-ஆம் வாரத்திலிருந்து 12-ஆம் வாரம் வரை ஒரு தனிப் பருவம் என்பது அவர்கள் கண்ட முக்கியமான விஷயம். அந்த நாட்களில் குட்டி எதையெல்லாம் பயமில்லாமல் பார்த்துப் பழகுகிறதோ, அதுதான் அதற்கு வாழ்நாள் முழுக்க இயல்பான உலகம்.

அதே இடத்தில் 1961-இல் வெளியான இன்னொரு சோதனையும் உண்டு. குட்டிகளைத் தாயோடு பெரிய வேலி போட்ட வெளியில் விட்டு, மனிதர் யாரும் பழகாமல் வளர்த்தார்கள். வெவ்வேறு வயதில் ஒவ்வொரு குட்டியாக எடுத்து ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிட்டார்கள். ஐந்திலிருந்து ஒன்பது வாரத்துக்குள் பழகியவை நன்றாக ஒட்டின. 14 வாரம் வரை மனிதர் கை படாமல் இருந்தவை அதற்குப் பிறகு எவ்வளவு அன்பு காட்டியும் மிரண்டே நின்றன. யாரும் அவற்றை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. பழக வேண்டிய காலத்தில் பழகாததே போதுமானதாக இருந்தது. கருப்பனை யாரோ கொடுமைப்படுத்தியிருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ரத்தம் பக்கத்துக்கும் வலுவான சான்று உண்டு. சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க் அருகே 1959-இல் பெல்யாயெவ் என்பவர் வெள்ளி நரிகளில் மனிதரிடம் கொஞ்சம் சாந்தமாக இருப்பவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கத் தொடங்கினார். சில தலைமுறைகளிலேயே வாலாட்டிக்கொண்டு மனிதரிடம் ஓடிவரும் நரிகள் பிறந்தன. ஆகவே பயமும் துணிச்சலும் பரம்பரையாக வருகிறது என்பதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் பரம்பரை வேறு, இனத்தின் பெயர் வேறு. 2022-இல் சயன்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வு, 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டுத் திரட்டியது. ஒரு தனி நாயின் நடத்தையில் உள்ள வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனம் விளக்கியது. அதில் பெரும்பாலும் அமெரிக்க வீட்டு நாய்கள், நம் ராஜபாளையத்தை அதை வைத்து அளந்துவிட முடியாது. என்றாலும் இனத்தின் பெயரைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர்கள் அந்த எண்ணைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

4. தறிவீடு, அம்மாபேட்டை

நாகலூர் சார் வந்து பார்த்துவிட்டுப் போனது எங்கள் வீட்டைத்தான். அவர்தான் இந்த இழையைக் காட்டினார், அதனால் எழுதுகிறேன்.

ஜூலியை நாங்கள் ஒன்றும் பயிற்சி கொடுத்து வளர்க்கவில்லை. அவள் வந்தபோது ஒன்றரை இரண்டு மாதக் குட்டி. எங்கள் வீட்டின் முன்பாதி முழுக்கத் தறி. காலையில் பாவு கொண்டு வருகிறவர், நூல் மூட்டை இறக்குகிறவர், தறி ரிப்பேர்காரர், சேலை எடுத்துப் போகிறவர், வட்டிக்காரர், பால்காரர், பள்ளிக்கூடம் விட்டதும் தெருப் பிள்ளைகள் என்று ஆள் நடமாட்டம் ஓயாது. தறிச் சத்தத்துக்கு நடுவில்தான் அவள் தூங்குவாள். தார் சுற்றும் எங்கள் அம்மாவின் காலடியில் ஒரு சாக்கு, அதுதான் அவள் இடம். வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரு பிஸ்கட் துண்டு போடுவார்கள், மீதிப்பேர் கண்டுகொள்ளவே மாட்டார்கள். விரட்டியவர் என்று யாரும் இல்லை.

ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். ராத்திரி தறி நின்று கதவைச் சாத்திய பிறகு யாராவது திண்ணையில் ஏறினால் குரைக்கத்தான் செய்கிறாள், அதுவும் கனமாக. பகலில் வாலாட்டிய அதே ஆளுக்கும் குரைப்பாள். நான் எழுந்து போய் யாரென்று பார்த்து, ‘போதும்டி’ என்றால் நிறுத்திவிடுவாள்.

5. சிலிண்டர் வண்டி

நான் பல வருடமாகச் சேலத்தில் வீடு வீடாகச் சிலிண்டர் போடுகிறேன். அழகாபுரம், ஹஸ்தம்பட்டி, கன்னங்குறிச்சி எல்லாம் என் வழி. தினமும் எத்தனையோ நாய்களுக்கு நான்தான் ‘வெளியாள்’. எனவே என் பக்கத்தையும் கேளுங்கள்.

எனக்குப் பயம் தருவது பெரிய சாதி நாய் இல்லை. சின்னச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாயும், கேட்டின் கம்பி வழியாகத் தெருவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் நாயும்தான். கட்டில்லாமல் வீட்டு ஆளோடு நடந்து வந்து, நம்மையும் சிலிண்டரையும் மோந்து பார்த்துவிட்டுப் போகும் நாயால் எனக்கு இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை.

ஒன்று கவனித்திருக்கிறேன். நான் வருகிறேன், அது குரைக்கிறது. சிலிண்டரை வைத்துவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு நான் போய்விடுகிறேன். நான் போனது வேலை முடிந்ததால். ஆனால் அதற்கு அது தெரியாது, தான் குரைத்துத்தான் துரத்தியதாக நினைத்துக்கொள்ளும். அடுத்த மாதம் இன்னும் சத்தமாகக் குரைக்கும். தபால்காரர், கூரியர் பையன், தண்ணீர் கேன் போடுகிறவர் எல்லோருமே இப்படித்தான் வந்ததும் போய்விடுகிறோம். எங்களைப் பார்த்தாலே ஆகாது என்று நாய்க்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது, வேறு வழியில்லாமல்.

சில வீடுகளில் ‘ஒண்ணும் பண்ணாதுங்க, வாங்க’ என்பார்கள். நாயின் உடம்பு விறைத்து நிற்பது எனக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரிவதில்லை.

6. சிப்பிப்பாறை ரசிகன்

தறிவீட்டு அண்ணன் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் அம்மாபேட்டைத் தெருவும் நாகலூர் தோட்டமும் ஒன்றா? தோட்டத்தில் பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில்கூட இருக்காது. மிளகும் காபியும் காயும் களத்தில் திருட்டு நடக்கிறது. வருகிறவன் போகிறவன் எல்லோரும் தடவிக் கொடுத்தால் நாய் காவலுக்கு உதவாமல் போய்விடும் என்பது எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சொல்வது. ராஜபாளையம் வளர்ப்பவர்கள் குட்டியை வெளியாள் கையில் கொடுக்கவே மாட்டார்கள்.

சங்கிலி விஷயத்திலும் ஒரு கேள்வி. கட்டியதால் கோபமா, கோபக்கார நாய் என்பதால் கட்டினார்களா? இதை யாரும் யோசிப்பதில்லை.

7. கால்நடை மருத்துவர், சேலம்

//கட்டியதால் கோபமா, கோபக்கார நாய் என்பதால் கட்டினார்களா?//

நல்ல கேள்வி. அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்ட ஆய்வு 1994-இல் வந்தது. முற்றத்தில் கட்டி வைக்கப்படும் நாய்கள் கடித்த பட்டியலில் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 2.8 மடங்கு. எது முதலில் என்பதை அந்த ஆய்வு மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, நீங்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் கருப்பன் விஷயத்தில் விடை நாகலூர் சாரின் முதல் பதிவிலேயே இருக்கிறது. அவனைக் குட்டியிலிருந்தே கட்டியிருக்கிறார்கள். இரண்டு மாதக் குட்டியை யாரும் கோபக்காரன் என்று கட்டுவதில்லை.

சங்கிலி என்ன செய்கிறது என்று பாருங்கள். பயந்த நாய்க்கு முதல் வழி விலகிப் போவது. சங்கிலி அதைப் பறித்துவிடுகிறது. விலக முடியாதபோது மிச்சம் இருப்பது மிரட்டுவதுதான். மிரட்டியதும் ஆள் போய்விடுகிறார், அதாவது சிலிண்டர் தம்பி எழுதியது அப்படியே நடக்கிறது. நடத்தை பற்றிய பாடப் புத்தகத்தில் பல பக்கம் வரும் விஷயத்தை அவர் ஒரு பத்தியில் சொல்லிவிட்டார். இதோடு, ஓடி வந்து எட்டும்போதெல்லாம் கழுத்துப் பட்டை இறுக்குகிறது. புது ஆள் வந்தால் கழுத்து வலிக்கும் என்ற தொடர்பும் சேர்ந்துகொள்கிறது.

காவல் பற்றி. வீட்டைச் சொந்த இடமாக நினைக்கும் எந்த நாயும் இரவில் சந்தேகமான சத்தத்துக்குக் குரைக்கும், ஜூலி அதற்கு உதாரணம். பகலில் ஆட்களோடு பழகியதால் அவளுடைய காவல் குறையவில்லை. வழக்கமான நடமாட்டம் எது என்று தெரிந்த நாய்க்குத்தான் வழக்கமில்லாதது எது என்று தெரியும். எல்லோரையும் எதிரியாகப் பார்க்கும் நாய் பலாப்பழம் விழுந்தாலும் குரைக்கும், திருடன் வந்தாலும் குரைக்கும். காவல்காரர் கொஞ்ச நாளில் எழுந்து பார்ப்பதையே விட்டுவிடுவார்.

அடிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், என் மருத்துவமனையில் வாராவாரம் கேட்கிற கேள்வி அது. உறுமினால் ஓங்கி ஒன்று வையுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் அதிகம். 2009-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து மருத்துவர்கள், நடத்தைப் பிரச்சினைக்காகக் கொண்டுவரப்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களிடம் முன்பு என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேர், நாய் பதிலுக்குச் சீறியது அல்லது தாக்க வந்தது என்றார்கள். அடியால் உறுமல் நிற்கலாம், பயம் நிற்காது. உறுமாமல் நேரே கடிக்கும் நாயை நாமே தயாரித்ததாக ஆகிவிடும்.

8. பேர்லேண்ட்ஸ் அக்கா

நான் தெரு நாய்களுக்குச் சோறு போடுகிறவள், கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் கொண்டுபோகிறவள். வீட்டு நாயை மட்டும் பேசுகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் வெள்ளைப் பெட்டை ஒன்று பாலத்தின் அடியில் குட்டி போட்டது. பிள்ளைகள் போய்ப் பால் வைத்தார்கள், தொட்டார்கள். அடுத்த தெருவில் ஒரு கட்டடத்துக்குப் பின்னால் இன்னொரு பெட்டையின் குட்டிகள். அங்கே வேலையாட்கள் கல்லெறிந்தார்கள், ஒருவர் வெந்நீரும் ஊற்றினார். இப்போது இரண்டு கூட்டமும் வளர்ந்துவிட்டன. முதல் கூட்டம் யார் வந்தாலும் படுத்த இடத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பதோடு சரி. இரண்டாவது கூட்டம் பைக்கை விரட்டுகிறது, குனிந்து செருப்பைச் சரிசெய்தால்கூடக் கல்லெடுக்கிறோம் என்று பல்லைக் காட்டுகிறது. மக்கள் மாநகராட்சிக்குப் புகார் செய்வது இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான். அவற்றை அப்படி ஆக்கியது யார் என்று கேட்பவர் இல்லை. எனக்கு இது நெஞ்சை அறுக்கிறது.

குட்டிகள் தாயைப் பார்த்தும் கற்றுக்கொள்கின்றன. தாய் மனிதரைக் கண்டதும் ஓடி ஒளிந்தால் குட்டியும் ஓடும்.

கொல்கத்தாவில் ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் நாட்டுத் தெரு நாய்களை வைத்தே ஆய்வு செய்கிறார்கள். 2017-இல் அவர்கள் வெளியிட்டதில், அறிமுகமில்லாத மனிதர் திரும்பத் திரும்பச் சாப்பாடு போட்டதைவிடத் திரும்பத் திரும்பத் தடவிக் கொடுத்தபோதுதான் தெரு நாய்கள் அவரை அதிகம் நம்பின என்று கண்டார்கள். பத்து ரூபாய் பிஸ்கட்டைவிட ஒரு நிமிட அன்புக்கு மதிப்பு. ஆனால் இதைப் படித்துவிட்டுத் தெரியாத நாயின் தலையில் கை வைக்கப் போகாதீர்கள். அதுவாக வந்தால் மட்டும்.

ஏற்காடு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏரிக்கரையிலும் பகோடா பாயிண்டிலும் கடை ஓரமாகப் படுத்திருக்கும் நாய்கள் சுற்றுலாப் பயணிகள் நடுவிலேயே பிறந்து வளர்ந்தவை, அதனால்தான் அத்தனை கூட்டத்திலும் நிம்மதியாகத் தூங்குகின்றன. அவற்றைச் சீண்டி வீடியோ எடுக்கும் கூட்டம் இப்போது அதிகமாகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம்.

9. நெறியாளர்

மின் அதிர்ச்சி தரும் கழுத்துப் பட்டை விற்பனைக்கான பதிவு ஒன்று நீக்கப்பட்டது. விவாதம் தொடரட்டும்.

10. மலைப்பாதை

எங்கள் ஊர் மலைமேல், நாகலூரிலிருந்து இன்னும் உள்ளே. எங்கள் பக்கத்து ஊர்களில் நாயைக் கட்டும் வழக்கம் குறைவு. ஆடு மேய்க்கும்போது கூடவே போகும், கல்யாணம், திருவிழா எதுவானாலும் ஊர் நடுவில்தான் கிடக்கும். புது ஆள் ஊருக்குள் வந்தால் எல்லா நாயும் சேர்ந்து குரைத்துக்கொண்டே பின்னால் வரும். வீட்டுக்காரர் வெளியே வந்து ‘வாங்க’ என்று சொல்லிப் பேச ஆரம்பித்தால் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும். சொந்தக்காரர் குரலில் பதற்றம் இருக்கிறதா என்பதைத்தான் அவை பார்க்கின்றன.

தோட்ட நாய்கள் வேறு. பல எஸ்டேட்டுகளில் சொந்தக்காரர் சேலத்திலோ சென்னையிலோ இருப்பார். நாய்க்குச் சோறு வைக்க ஒரு ஆள், அவ்வளவுதான். யார் வேண்டியவர், யார் வேண்டாதவர் என்று அதற்குக் காட்டிக்கொடுக்க யாரும் கூட இல்லை. அது தானாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, எல்லோரும் வேண்டாதவர் என்று முடிவெடுக்கிறது. காட்டுமாடு இறங்கும் நேரத்தில் இரவில் அவிழ்த்துவிடுகிறார்கள், தனியாகச் சமாளிக்கிறது. பகலில் கட்டிப்போட்டால் எரிச்சலோடுதான் கிடக்கும்.

கருப்பனிடம் எனக்குக் கோபம் வரவில்லை சார். பாவமாகத்தான் இருக்கிறது.

11. சூரமங்கலம் புதுசு

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டுக்கு அடுத்த மாதம் லேப்ரடார் குட்டி வருகிறது. விற்பவர் 35 நாள் குட்டியைக் கொடுத்துவிடுகிறேன், சீக்கிரம் வந்தால்தான் உங்களோடு ஒட்டும் என்கிறார். தெரிந்த ஒருவர் தடுப்பூசி எல்லாம் முடியும்வரை, அதாவது நாலு மாதம்வரை, குட்டியை வெளியே காட்டாதே, பார்வோ நோய் வந்துவிடும் என்கிறார். டாக்டர் எழுதிய 12 வாரக் கணக்கைப் பார்த்ததும் குழம்பிவிட்டேன்.

12. கால்நடை மருத்துவர், சேலம்

சூரமங்கலம் நண்பருக்கு முதலில். 35 நாளில் வாங்காதீர்கள். 2017-இல் வந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் இல்லை. இத்தாலியில் 2011-இல் வெளியான ஆய்வில், 30 முதல் 40 நாளில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிகளை இரண்டு மாதத்தில் பிரிக்கப்பட்டவற்றோடு ஒப்பிட்டார்கள். சீக்கிரம் பிரிந்தவற்றில் பயம், அளவுக்கு மீறிய குரைப்பு, நாசம் செய்வது எல்லாம் கூடுதலாக இருந்தன. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப் பிறந்த குட்டிகளோடு விளையாடித்தான் கற்றுக்கொள்ளும்.

பார்வோ பயம் நியாயமானது. சேலத்தில் அது சாதாரணமாகப் பார்க்கும் நோய், குட்டிகளைக் கொல்லும். ஆனால் நாலு மாதம் அறைக்குள் வைத்தால் அந்தப் பருவமே போய்விடும். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2008-இல் சொன்ன வழிதான் நான் சொல்வதும்: முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் ஆனதும், ஏழு எட்டு வாரத்திலேயே வெளியுலகத்தைக் காட்ட ஆரம்பிக்கலாம். மற்ற நாய்கள் மலம் கழிக்கும் இடத்தில் தரையில் விடாதீர்கள். இடுப்பில் தூக்கிக்கொண்டு போங்கள். ஐந்து ரோடு நெரிசலைத் தூரத்திலிருந்து காட்டுங்கள். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வரட்டும்.

ஆட்கள் எண்ணிக்கையைவிட வகை முக்கியம். ஹெல்மெட் போட்டவர், தாடி வைத்தவர், காக்கிச் சட்டை, குடை பிடித்தவர், ஊன்றுகோல் தாத்தா, தலையில் சுமை வைத்து வருகிறவர், ஓடுகிற குழந்தை, சக்கர நாற்காலி. கருப்பன் கொங்காடையைக் கண்டு பாய்வது ஏன் தெரியுமா? தலையும் தோளும் ஒன்றாகத் தெரியும் அந்த உருவம் அவனுக்கு மனித உருவமாகவே படவில்லை. குட்டியிலேயே பார்த்திருந்தால் அது அவனுக்கு இன்னொரு ஆள்.

கட்டாயப்படுத்தக் கூடாது. குட்டி பின்வாங்கினால் விடுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் மாறி மாறித் தூக்கிக் கொஞ்சுவதும் பழக்குவது ஆகாது. குட்டி தானாகப் போய் மோந்து பார்க்க வேண்டும்.

இனி நாகலூர் சாருக்கு. மூன்று வயது நாயை மூன்று மாதக் குட்டி ஆக்க முடியாது. ஜூலி மாதிரி ஆகிவிடுவான் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இப்போதிருப்பதைவிட நிச்சயம் நன்றாக ஆக்கலாம்.

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். காதில் சீழ், பல் வலி, இடுப்பு மூட்டு வலி இருந்தால் எந்தப் பழக்கமும் பலிக்காது. வெறிநாய்த் தடுப்பூசி போட்டதற்கு ஆதாரம் இல்லை என்றால் இப்போதே போட்டு வருடாவருடம் தொடருங்கள். அடுத்து சங்கிலியை எடுத்துவிடுங்கள். கேட்டிலிருந்து தள்ளி, வேலி போட்ட விசாலமான இடம் வேண்டும். கேட் அவன் கண்ணில் படக் கூடாது. படுக்க, ஒளிந்துகொள்ள ஒரு கூண்டு, அதன் கதவு எப்போதும் திறந்திருக்கட்டும்.

அதற்குப் பிறகுதான் ஆட்களைப் பழக்குவது. அவன் ஆளைப் பார்க்க வேண்டும், ஆனால் குரைக்க ஆரம்பிக்கக் கூடாது, அந்தத் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். ஐம்பது அடியாகவும் இருக்கலாம், நூறாகவும் இருக்கலாம். ஆள் தெரிந்ததும் நீங்கள் கோழித் துண்டு போட வேண்டும். ஆள் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஆள் வந்தால் நல்லது வருகிறது என்பது அவன் உடம்பில் இறங்க வேண்டும். நாள் தவறாமல் கொஞ்ச நேரம் போதும். அவன் ஆளைப் பார்த்துவிட்டு ‘எங்கே துண்டு’ என்று உங்களைத் திரும்பிப் பார்த்தால் தூரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். குரைத்துவிட்டால் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம், திட்டாமல் பின்னால் போங்கள்.

வெளியாள் கையாலேயே ஊட்டும் வேலை வேண்டாம். ஆசையில் கிட்ட வந்துவிட்டு, துண்டு தீர்ந்ததும் முன்னால் ஒரு புது ஆள் நிற்பதைப் பார்த்து மிரண்டு கடித்த நாய்களை எனக்குத் தெரியும்.

விருந்தினர் அறைகளைப் பற்றி என் கருத்து நேரடியானது. இந்த வருடம் வேண்டாம். விட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு கதவு தாண்டித்தான் கருப்பன் இருக்க வேண்டும். விருந்தினரின் குழந்தை அந்தக் கதவைத் திறக்க முடியாதபடி பூட்டு வேண்டும்.

13. நாகலூர் தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. இங்கே எழுதிச் சில மாதம் ஆகிவிட்டது, நிலவரம் சொல்கிறேன்.

காதில் சீழ் இருந்தது உண்மைதான், மருந்து போட்டுச் சரியாகிவிட்டது. சங்கிலியை எடுத்துவிட்டுக் களத்துக்குப் பின்னால் வேலி போட்டோம். முதல் வாரம் வேலியின் ஒரு மூலையில், பழைய சங்கிலி எவ்வளவு நீளமோ அந்த அளவுக்குள்தான் நடந்தான். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முழு இடத்தையும் எடுத்துக்கொண்டான்.

பழம் பறிக்கும் அக்காக்கள் நன்றாக ஒத்துழைத்தார்கள். காலையில் வரிசையாகத் தூரத்துப் பாதையில் போவார்கள், காவல்காரர் கருவாட்டுத் துண்டு போடுவார். இப்போது அவர்கள் வேலி ஓரமாகப் போனாலும் எழுந்து நின்று பார்க்கிறான், குரைப்பதில்லை. கொங்காடையைச் சில நாள் வேலியில் மாட்டி வைத்தோம், அதன் அடியில் சாப்பாடு. அதுவும் பலித்தது.

ஹெல்மெட் ஆட்களிடம் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. பைக் சத்தம் கேட்டதுமே உடம்பு விறைக்கிறது. அறைகளை இந்த வருடம் விடவில்லை.

டாக்டர், வாய்ப்பூட்டு போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவரலாமா? எந்த வகை வாங்குவது?

14. கால்நடை மருத்துவர், சேலம்

கூடை மாதிரி இருக்கும் வகை வாங்குங்கள். உள்ளே வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகையில் நாயால் மூச்சிரைக்க முடியாது, கோடையில் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கினால் சூடு தாங்காமல் விழுந்துவிடும். முதலில் வீட்டிலேயே கூடைக்குள் தயிர் தடவி நக்கவிட்டுப் பழக்குங்கள். ஊசி போடும் நாளில் முதல் முறையாக மாட்டக் கூடாது.

ஹெல்மெட்டுக்கு, காவல்காரரே ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சோறு வைக்கட்டும், பிறகு தலையில் வைத்துக்கொண்டு. பைக் சத்தத்தைத் தனியாகப் பழக்குங்கள். இரண்டையும் ஒன்றாக ஆரம்பிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இந்த இழையில் யாரும் கேட்கவில்லை. யார் மீதாவது பல் பட்டால், கீறல்தான் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏற்காட்டிலும் இருக்கிறது, சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தோலில் போடும் ஊசி என்றால் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள். ரத்தம் வந்த காயத்துக்குக் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புரத மருந்தும் தேவை. நம் வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது. வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை.

15. சிப்பிப்பாறை ரசிகன்

நாகலூர் சார் எழுதியதைப் படித்துச் சந்தோஷம். இனத்தைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. ராஜபாளையத்தை எப்படி வளர்த்தாலும் அது லேப்ரடார் ஆகாது, ஆகவும் வேண்டாம். ஆனால் இனம் கூடுதலாக எச்சரிக்கை உள்ளது என்றால் குட்டியில் அதற்குக் கூடுதலாகத்தான் ஆள் பழக்கம் வேண்டும் என்பதை இந்த இழையில் ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த ஈத்துக் குட்டிகளை எட்டு வாரத்துக்கு முன் கொடுக்கப்போவதில்லை. வாங்க வருகிறவர்கள் குட்டியோடு உட்கார்ந்து பழகிவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும் என்றும் சொல்லப்போகிறேன்.

16. சிலிண்டர் வண்டி

எல்லோரும் நாய்க்கு எழுதிவிட்டீர்கள், வீட்டுக்காரர்களுக்கு நான் கேட்பது இது. சிலிண்டர் பதிவு செய்தால் எங்கள் போன் வரும். வந்ததும் நாயை உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள், கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்குக் கூட்டி வர வேண்டாம். கேட்டில் நாய் இருக்கிறது என்று ஒரு பலகையும் அதில் உங்கள் போன் நம்பரும் இருந்தால் புதிதாக வரும் பையனுக்கு உதவும். நாயைப் பழக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே சொன்னால், சிலிண்டரை இறக்கிவிட்டுத் தெரு முனையில் இரண்டு நிமிடம் நிற்க எனக்கு ஆட்சேபணை இல்லை. நாகலூர் சாருக்கு ஹெல்மெட் ஆள் தேவை என்றால், ஏற்காட்டில் சிலிண்டர் போடும் நம்ம பையன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பேசிவிட்டேன், வருகிறேன் என்றார். தனிச் செய்தியில் எழுதுங்கள்.